சென்னிகுளத்துச் சிந்துக் கவிஞர்

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் நோக்கிச் செல்லும் பெருவழியில் கரிவலம்வந்தநல்லூர் என்னும் பழம்பதி ஒன்று உளது. நிட்சேப நதியின் கரையில் பால்வண்ணநாதர் கோயில் கொண்டருளும் அவ்வூரைப் புலவர்கள் கருவை என்று சுருங்க வழங்குவர். பாண்டிய மன்னர் அதிவீரராமர் பெயரால் வழங்கும் அந்தாதிகள் மூன்று அப்பெருமான்மீது எழுந்தவை. அவற்றுள் பதிற்றுப்பத்தந்தாதியைக் குட்டித் திருவாசகம் என்றே சான்றோர் போற்றுவர். இங்ஙனம் தமிழ் மணக்கும் கருவைக்கு அண்மையில், கரிசல் நிலமும் குளத்துப் பாசனமும் கலந்த சிற்றூர் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சென்னிகுளம். காவடிச் சிந்து என்னும் இனிய நூலைத் தமிழுக்குத் தந்த அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர் அதுவே.

அவர் 1865ஆம் ஆண்டில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் சென்னவ ரெட்டியார். தாயார் ஓவு அம்மாள். தலைமகன் பிறந்துவிட்டால் ஏர்பிடிக்க ஓர் ஆள் வந்தான் என்று மகிழ்வது அக்காலத்து உழவர் வீடுகளின் வழக்கம். மழையை நம்பி வாழும் நிலத்தில் ஒரு பருவம் தவறினும் ஆண்டு முழுவதும் அல்லல்தான். அத்தகைய இல்லத்துப் பிள்ளை ஏட்டுச்சுவடியும் கையுமாக இருந்தால், சுற்றத்தார் அதனைக் கல்வி என்று எளிதில் ஒப்புவரோ? தமிழ் படித்தவன் என்ன பெறுவான் என்னும் வினா இன்று போலவே அன்றும் இருந்தது.

அவ்வினாவுக்கு அக்காலத்தில் விடை என்னவென்று மாணவர்கள் அறிதல் வேண்டும். பாட்டுக் கட்டுபவர்க்கு இன்று அரசு விருதுகள் உண்டு. திரைப்படமும் வானொலியும் உண்டு.  நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. புலவர் ஒருவர்க்குத் திறந்திருந்த வாயில்கள் இரண்டே. ஒன்று மடம், மற்றொன்று சமீன் அரண்மனை. மடத்தில் உண்டியும் உறையுளும் பாடமும் கிடைக்கும். அரண்மனையில் பொன்னாடையும் பொருளும் கிடைக்கும். மனம் ஒத்துவிட்டால் சமத்தான வித்துவான் என்னும் நிலையும் கிடைக்கும். ஆயினும் சமீன்தாரின் முகம் கோணினால் மறுநாளே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். புலவர்தம் வாழ்வு வள்ளலின் குணத்தைப் பொறுத்து நின்றது.

திருநெல்வேலிச் சீமை இத்தகைய வள்ளன்மைக்குப் பெயர்போனது. திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர்க்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். குற்றாலத்தின் அருகே உள்ள அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கலாயிற்று. ஒரு நாடகப் பாட்டு நிலத்துக்குப் பெயராகி நின்ற பரிசு அது! அதே சீமையில் எட்டயபுரம், சேற்றூர், சிவகிரி, ஊற்றுமலை எனச் சமீன்கள் பல இருந்தன. ஒவ்வொன்றிலும் புலவர் சிலர் இருந்தனர்.

அண்ணாமலையார் முதலில் ஊரிலுள்ள திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்தார். அக்காலத்துத் தமிழ்க் கல்வி இக்காலத்துக் கல்வி போன்றதன்று. நிகண்டை மனப்பாடம் செய்தல் முதற்படி, பின் சதகங்கள், அதன்பின் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நூல்கள் ஏறிக்கொண்டே செல்லும். புராணமும் இலக்கணமும் அதற்கு அப்பால். அச்சிட்ட நூல்கள் அரியன ஆதலின், ஆசிரியரிடம் உள்ள ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே படித்தல் வேண்டும். நல்லாசிரியர் எங்கே உளரோ அங்கே நடந்து செல்லல் வேண்டும். அண்ணாமலையாரும் அங்ஙனமே நடந்தார். சேற்றூர் அரண்மனைப் புலவராய் விளங்கிய இராமசாமிக் கவிராயரை அடுத்துச் சில நூல் கற்றார் என்பர். பின்னர்க் காவிரி நாட்டுத் திருவாவடுதுறைக்குச் சென்றார்.

திருவாவடுதுறை ஆதீனம் அந்நாளில் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்றே விளங்கிற்று. திருநெல்வேலிச் சீமையில் அம்மடத்துக்கு ஊர்கள் பல உண்மையால், தென்னாட்டு இளைஞர்க்கு அது அயலிடமன்று. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் கல்வியும் கொடையும் ஒருங்கே வாய்ந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபின், அவர்தம் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் ஆங்கு இளைஞர்க்குப் பாடம் சொல்லி வந்தார். பின்னாளில் ஏட்டில் உறங்கிய சங்க நூல்களைத் தேடி அச்சேற்றிய பெருமகனார் அவரே. அவரிடம் பாடம் கேட்கும் பேறு அண்ணாமலையார்க்கு வாய்த்தது.

அம்மடத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்றை இங்கே கூறுதல் தகும். பின்வருவதற்கு அது வேண்டற்பாலது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருட்டிண பாரதியார், தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தருமாறு மீனாட்சிசுந்தரம் பிள்ளையை வேண்டினார். இசைப்பாட்டில் இலக்கண வழுக்கள் மலிந்துள்ளமை கண்ட பிள்ளையவர்கள் பன்முறை காலம் தாழ்த்தினார். ஒருநாள் பாரதியார் தம் பாடலைத் தாமே உருகிப் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டார். கேட்டவர் கண்ணீர் பெருக்கினார், பாயிரமும் தந்தார். பெரும்புலவர் ஒருவர் எளிய இசைப்பாட்டுக்கு நெகிழ்ந்தது உண்மை. எனினும் அவர் தயங்கி நின்ற நாட்களையும் நாம் மறத்தல் கூடாது. சிந்து, கும்மி, கீர்த்தனை ஆகியவற்றைப் பாமரர் பாட்டு என்று ஒதுக்கும் மனப்பான்மை புலவர் உலகத்தில் வேரோடியிருந்தது. புலமையைக் காட்டும் இடம் அந்தாதியும் புராணமுமே என்பது அவர்தம் துணிபு.

அண்ணாமலையாரும் அத்துணிபிலேயே பயின்றவர். சங்கரன்கோவில் திரிபந்தாதி, கோமதி அந்தாதி, கருவை மும்மணிக்கோவை, வீரைத் தலபுராணம், வீரை நவநீதகிருட்டிணன் பிள்ளைத்தமிழ் ஆகிய நூல்கள் அவர் இயற்றியனவாக வழங்குகின்றன. இப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே அவர் மரபுவழியில் எவ்வளவு ஆழ்ந்தவர் என்பது புலனாகும். திரிபு என்பது எளிய செயலன்று. ஒரு செய்யுளின் நான்கு அடிகளிலும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அதனை அடுத்த எழுத்துகள் பலவும் ஒன்றாகவே வருதல் வேண்டும். கரும்பு, அரும்பு, விரும்பு, இரும்பு என்னும் சொற்களை நோக்குக. முதலெழுத்து நீங்க எஞ்சியவை ஒன்றாதலைக் காண்பீர்கள். இம்மூன்றெழுத்து ஒற்றுமை சிறுவர்க்கும் எளிது. ஆனால் திரிபு பாடுவோர் பல சீர்களுக்கு இவ்வொற்றுமையை நீட்டிக்கொண்டு செல்வர். அதனோடு அடிதோறும் பொருள் வேறாதல் வேண்டும். ஒரு செய்யுளின் இறுதி அடுத்ததன் முதலாக அமைதலும் வேண்டும். நூறு செய்யுள் இவ்வாறு பாடி முடிக்கச் சொற்களஞ்சியம் நாவின் நுனியில் நிற்றல் வேண்டும்.

உண்மையைச் சொல்வதானால், அத்தகைய அந்தாதிகள் எல்லார்க்கும் சுவைப்பன அல்ல. ஆசிரியன் உரை சொல்லாமல் மாணாக்கன் ஒரு செய்யுளையும் கடத்தல் அரிது. யானும் பல்லாண்டுகள் வகுப்பில் திரிபு நடத்தியிருக்கின்றேன். பலகையில் சொற்களைப் பிரித்தெழுதித் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகளின் கண்கள் சன்னலுக்கு வெளியே இருக்கும். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வருமையான பயிற்சி வீண்போயிற்று என்று எவரும் எண்ணிவிட வேண்டா. ஒலியொத்த சொற்களைத் தேடித் தேடிப் பழகிய அந்நாவே பின்னர்ச் சிந்து பாடிற்று. திரிபில் முடிச்சாக இருந்த சொல்லாட்சி சிந்தில் சிலம்பொலியாக மாறிற்று. இதனை மேலே காண்போம்.

கல்வி நிரம்பியபின் அண்ணாமலையார் ஊற்றுமலைச் சமீனை அடைந்தார். அச்சமீனின் தலைநகர் சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூர். அதனை வீரை என்பர். அங்கே இருந்து ஆண்டவர் இருதயாலய மருதப்பத் தேவர். அவர் தாமே தமிழ் கற்றவர். புலவரோடு அளவளாவுவதில் விருப்பம் மிக்கவர். சாமிநாதையர் தென்னாட்டில் ஏடு தேடி வந்தபோது அவரை வரவேற்றுப் போற்றிய செல்வர்களுள் இவரும் ஒருவர். அண்ணாமலையாரின் கவித்திறனைக் கண்ட தேவர் அவரைத் தம் அவைக்களப் புலவராக வைத்துக்கொண்டார். வீரைக் கோயிலில் எழுந்தருளிய நவநீதகிருட்டிணனைப் புலவர் பாடியது இத்தொடர்பினாலேயே. உழவர் வீட்டுப் பிள்ளை இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அரண்மனைப் புலவராகிவிட்டார். வேறொருவராயின் இவ்வளவில் மனம் நிறைந்து, ஆண்டுக்கொரு அந்தாதியும் அரண்மனை விழாவுக்கொரு வாழ்த்துமாகக் காலங் கழித்திருப்பர்.

அப்போது ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார்.

கழுகுமலை சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டிக்குச் செல்லும் வழியில் உள்ளது. சடாயுவின் தமையனாகிய சம்பாதி வழிபட்டமையால் அப்பெயர் வந்தது என்பது தலவரலாறு. மலையைக் குடைந்தமைத்த கருவறையில் கழுகாசலமூர்த்தி வீற்றிருக்கிறார். அம்மலையின் மேலே ஒற்றைக்கல்லைக் குடைந்து பாண்டியர் எட்டாம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட வெட்டுவான் கோயிலும், சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. அக்காலத்தில் அவ்வூர் எட்டயபுரம் சமீனைச் சார்ந்தது. ஊற்றுமலையார்க்கு அது வேற்றெல்லை. ஆயினும் முருகனுக்கு எல்லை ஏது?

காவடி என்பது தோளில் சுமக்கும் தண்டு. அதன்மேல் வளைவு அமைத்து மயிற்பீலி கட்டுவர். இருபுறமும் பாற்குடம் தொங்கவிடுவர். அகத்தியர் ஆணையால் சிவகிரி, சத்திகிரி என்னும் மலைகளைத் தண்டின் இருபுறமும் கட்டித் தூக்கிவந்த இடும்பனே முதன்முதல் காவடி எடுத்தவன் என்பர். காவடி எடுப்போர் ஊர்தியில் செல்வதில்லை. வெறுங்காலோடு நடந்தே செல்வர். வீரகேரளம்புதூரிலிருந்து கழுகுமலை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. சங்கரன்கோவில் அவ்விரண்டிற்கும் இடையில் அமைந்திருக்கிறது. கரிசல் நிலத்து வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்பது விளையாட்டன்று. கால் சோரும்போது தூக்கிவிடுவது பாட்டு ஒன்றே. ஆதலின் வழிநடைச் சிந்து என்றே ஒருவகைப் பாட்டு நாட்டு மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வந்தது. காவடி சுமப்போரும் தம் நடைக்கேற்பப் பாடியாடிச் செல்வர். அப்பாடல்களைக் கட்டியவர் யாரென்று எவரும் கேட்டதில்லை. கட்டியவரும் தம் பெயரைச் சொன்னதில்லை.

தேவரின் காவடி புறப்பட்டபோது புலவரும் உடன் நடந்தார். வழிநெடுகப் பாடுவதற்காக அவர் பாடியவையே காவடிச் சிந்து என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இங்கேதான் அவர் ஒரு தேர்வு செய்ய வேண்டியிருந்தது. அரண்மனைப் புலவர் என்ற நிலையில் முருகன்மீது ஒரு திரிபந்தாதி பாடிச் சந்நிதியில் அரங்கேற்றியிருக்கலாம். கற்றோர் தலையசைத்திருப்பர். ஆனால் காவடி சுமந்து வந்தோரும், சுமை தாங்கியோரும், மேளம் அடித்தோரும், வேடிக்கை பார்த்தோரும் அவ்வந்தாதியில் ஓர் அடியையேனும் வாய்விட்டுப் பாடியிருப்பரோ? புலவர் கற்றோர் அவையை விட்டுவிட்டு நடப்போர் கூட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். பாமரர் மெட்டைத் தாம் எடுத்துக்கொண்டார். இது சிறிய செயல்போல் தோன்றும். ஆனால் இலக்கணம் வழுவிய பாட்டு என்று சிந்தை ஒதுக்கி வைத்திருந்த புலவர் குழாத்தில் ஒருவராய் இருந்துகொண்டு, அதனையே தம் முதன்மைப் படைப்பாக ஆக்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

மெட்டை எடுத்துக்கொண்டாரேயன்றி அதனை எடுத்தபடியே விட்டுவிடவில்லை. நாட்டார் சிந்தில் அளவொத்த இரண்டு அடிகள் எதுகை பெற்று வந்தால் போதும். அண்ணாமலையார் ஒவ்வோரடியையும் சிறு சிறு துண்டுகளாக அறுத்தார். துண்டுதோறும் எதுகையும் மோனையும் அமைத்தார். துண்டின் இறுதியில் இயைபும் சேர்த்தார். சில இடங்களில் ஓசை மெல்ல நடந்து, திடீரென முடுகி ஓடி, மீண்டும் நின்று மூச்சு வாங்கும். காவடி ஆடுவோரின் கால்களும் அவ்வாறே செய்வன அன்றோ? பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் காட்டிய சந்தம் இவர்க்கு வழிகாட்டியது என்று கொள்ளுதல் பொருந்தும். ஆனால் திருப்புகழைப் பாட மூச்சுப் பயிற்சி வேண்டும். காவடிச் சிந்தைப் பாடக் கால் நடந்தால் போதும். இத்தகைய சந்தம் நிறைந்த வண்ணச் சிந்தைத் தமிழில் முதன்முதல் பாடியவர் இவரே என்று அறிஞர் பலர் கூறுவர். செஞ்சுருட்டி முதலிய எளிய பண்களில் இச்சிந்துகள் இன்றும் பாடப்படுகின்றன.

பொருளிலும் அவர் மரபைக் கைவிடவில்லை. கழுகுமலைக் கோயிலின் சிறப்பு, நகரின் வளம், மலைவளம், முருகன் திருவருள் என்பன ஒருபுறம். தலைவன்மேல் காதல்கொண்ட தலைவியின் வாட்டம், தோழியின் சொல் என அகத்துறைகள் மற்றொருபுறம். கோவை நூல்களில் கற்ற துறைகளைச் சிந்தின் மெட்டில் ஏற்றியமையால், ஏடறியாத உழவனும் அகப்பொருள் துறையைத் தானறியாமலே பாடிக்கொண்டு போனான். சிற்றின்பச் சுவை சில இடங்களில் அளவு கடந்துளது என்று குறை கூறுவோரும் உளர். அக்குறையை முற்றும் மறுத்தற்கில்லை. அரண்மனை அவையில் பழகிய இளைஞர் ஒருவரின் பாட்டு அது. அவ்வவையின் சுவை அதில் ஒட்டியே இருக்கிறது. ஆயினும் மலைவளம் கூறும் பாடல்களில் கற்பனை அருவிபோல் தடையின்றிப் பாய்வதைக் கண்டோர் அக்குறையைப் பெரிதாகக் கொள்ளார்.

மற்றொரு புதுமையும் செய்தார். பெயரில்லாத நாட்டுப் பாட்டில் தம் பெயரைப் பொறித்தார். கீர்த்தனை ஆசிரியர் முத்திரை வைப்பது போலத் தம் ஊராகிய சென்னிகுளத்தையும் தம் பெயரையும் பாடலினுள் அமைத்தார். புகழாசை என்று இதனைச் சிலர் கருதலாம். எனக்கோ வேறு தோன்றுகிறது. அந்தாதியை யார் பாடினார் என்று கேட்கும் உலகம், சிந்தை யார் பாடினார் என்று கேட்பதில்லை. அவ்வழக்கத்துக்கு அவர் விடையிறுத்தார் என்றே கொள்கின்றேன்.

கடல் கடந்த நாட்டிலும் இவர்க்கு ஒப்பான கவிஞர் ஒருவரைக் காண்கின்றோம். சுகாத்துலாந்து நாட்டில் 1759இல் பிறந்த இராபர்ட்டு பர்ன்சு என்பவரும் உழவரின் தலைமகனே. ஏர் உழுதுகொண்டே பாடியவர். நாட்டு மக்கள் பாடி வந்த பழைய மெட்டுகளைத் தொகுத்து, சிதைந்த பாடல்களைச் செப்பனிட்டும் புதியன புனைந்தும் அச்சேறச் செய்தார். வறுமையில் உழன்றபோதும் அப்பாடல்களுக்கு ஊதியம் பெற மறுத்து, சுங்கத் தீர்வை அலுவலில் கிடைத்த சிறு சம்பளத்தால் குடும்பம் ஓம்பினார். முப்பத்தேழாம் வயதில், 1796இல் மறைந்தார். நம் புலவர்க்கு அரண்மனை இருந்தது, அவர்க்கு அதுவுமில்லை. நம் புலவர்க்கோ அவ்வளவு வயதும் கிட்டவில்லை.

இருபத்து நான்காம் வயதில் அண்ணாமலையார்க்குத் திருமணம் நிகழ்ந்தது. மனைவியார் பெயர் குருவம்மாள். இல்லறம் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பற்றிற்று. நோய் மிகுந்ததே அன்றிக் குறையவில்லை. 1891இல் அவர் மறைந்தார். அப்போது அவர் வயது இருபத்தாறு. ஆறேழு நூல்களை இயற்றி முடித்தவர்க்கு இன்னும் நாற்பது ஆண்டு இருந்திருந்தால் என்று எண்ணாதார் இரார். வாழ்ந்த ஆண்டுகளிலும் பாதி கற்பதிலேயே கழிந்தது என்பதை நினைக்குங்கால், கவிஞராய் அவர் இயங்கிய காலம் எத்துணைச் சிறிதென்பது விளங்கும்.

அவர் மறைந்தபோது எட்டயபுரத்தில் ஒன்பது வயதுச் சிறுவர் ஒருவர் இருந்தார். 1882இல் பிறந்த சுப்பிரமணியன் என்னும் அச்சிறுவர்க்கு எட்டயபுரம் அரண்மனை அவையிலேயே பாரதி என்னும் பட்டம் கிடைத்தது. பழைய சமீன் முறை ஒரு கவிஞர்க்கு வழங்கிய பரிசுகளுள் காலத்தால் பிந்தியதும் புகழால் முந்தியதும் அதுவாகலாம். அந்தப் பாரதியார் பிற்காலத்தில் சிந்து, கும்மி, கண்ணி ஆகிய எளிய மெட்டுகளையே தம் விடுதலைப் பாடல்களுக்கு ஊர்தியாகக் கொண்டார். நொண்டிச் சிந்தும் காவடிச் சிந்தும் அவர் கையில் நாட்டுக்குரியன ஆயின. கழுகுமலை எட்டயபுரத்தார் போற்றிய தலம். விழாதோறும் காவடி வரும் அவ்வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளையின் செவியில் இம்மெட்டுகள் விழாமல் இருந்திருக்க இயலாது. சிந்து பாடுவது புலமைக்கு இழுக்கன்று என்பதை அவருக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருந்தார்.

அண்ணாமலையாரின் அந்தாதிகளும் மும்மணிக்கோவையும் இன்று நூல்நிலையங்களில் தேடுவார்க்கே கிடைக்கின்றன. கோமதி அம்மன் சந்நிதியில் நின்று கோமதி அந்தாதியைப் பாடுவோர் யாரையும் யான் கண்டதில்லை. அரியும் அரனும் ஒன்றாதல் காண அம்மை தவமிருந்த ஆடித் தபசு விழாவுக்கு நூறாயிரக் கணக்கில் மக்கள் கூடுகின்றனர். புற்றுமண் பூசிக்கொண்டு திரும்புகின்றனர். அவர்களுள் எத்தனை பேர்க்கு அவ்வந்தாதியின் பெயர் தெரியும்? காவடிச் சிந்தோ வேறு வழி சென்றது. இசையரங்குகளில் பெரிய கீர்த்தனைகள் முடிந்து, கேட்போர் சற்றே இளைப்பாறும் வேளையில் பாடகர்கள் இச்சிந்துகளில் ஒன்றை எடுக்கின்றனர்; தூங்கியவரும் நிமிர்ந்து உட்காருவர். நாடக மேடையிலும் இம்மெட்டு புகுந்தது. முருகன் கோயில் உள்ள இடமெல்லாம் ஒலிக்கிறது.

யான் சிறுவனாய் இருந்தபோது பங்குனி உத்திரத்துக்கு முன்னாட்களில் எங்கள் தெரு வழியே கழுகுமலைக்குக் காவடிகள் செல்லும். பாட்டியார் வாசலில் தண்ணீர்ப் பானையும் மோரும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நடந்து வருவோர்க்குக் கால் நனைய நீர் ஊற்றுவது எனக்கு இட்ட பணி. தொலைவில் மேளம் கேட்கும், பின்பு பாட்டு, அதன்பின்னரே மயிற்பீலி தெரியும். முன்னே ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் பின்பாடுவர். முடுகு வரும் இடத்தில் காவடிகள் சுழலும். அப்போது பாட்டின் பொருள் எனக்குத் தெரியாது. கால் மட்டும் தானே தாளமிடும். பல்லாண்டு கழித்துத் தமிழ்ப் பாடத்தில் அதே வரிகளைக் கண்டபோதுதான் அவை ஒரு புலவர் இயற்றியவை என்று அறிந்தேன். அப்புலவர் எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள ஊரினர் என்றும் அறிந்தேன். அதுவரை அவை காவடியோடு கூடவே பிறந்தவை என்று எண்ணியிருந்தேன்.

இன்றும் அக்காவடிகள் செல்கின்றன. பாடிக்கொண்டு நடப்போரில் பெரும்பாலார் புலவரின் வரலாறு அறியார். ஊற்றுமலைச் சமீனையும் திருவாவடுதுறையையும் கேட்டும் இரார். ஆயினும் பாட்டின் முத்திரை வரும் இடத்தில் எல்லாரும் ஒரே குரலாய்ச் சென்னிகுளத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கழுகுமலை நோக்கி நடக்கின்றனர்.